ஆறு மணி ஊசி

மணி ஐந்து பத்து. கேஸ் ஷீட்டில் ஆறு மணிக் கட்டத்துக்குள் நீல மையில் ஒரு டிக். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து.

ட்ரேயில் செஃப்ட்ரியாக்சோன் குப்பி. அதன் பிளாஸ்டிக் மூடியை இன்னும் யாரும் திறக்கவில்லை.

கண் தாளுக்கும் குப்பிக்குமாகப் போய் வருகிறது.

*

மின்விசிறி சுற்றுகிறது. யாரோ இருமுகிறார்கள். இருமல் நின்ற பிறகு மின்விசிறி இன்னும் பலமாகக் கேட்கிறது.

*

நெஞ்சுக்கு நடுவில் ஒரு சூடு. கோபம் என்று உடனே அதற்குப் பெயர் வருகிறது. பெயரைத் தள்ளிவைத்துப் பார்த்தால் வெறும் சூடுதான். உள்ளங்கை அகலம் இருக்கும். மூச்சு அதைத் தொட்டுக்கொண்டு உள்ளே போகிறது, தொட்டுக்கொண்டு வெளியே வருகிறது.

*

இரவு சூப்பர்வைசருக்கு வார்டு வார்டாக நடப்பதுதான் வேலை. ரப்பர் செருப்பு. சத்தம் வராது. சத்தமில்லாமல் வந்து நின்றால் வேவு பார்க்க வந்ததாகத் தோன்றும். அதனால் வாசலிலேயே லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டு நுழைவது வழக்கம்.

இன்றும் செருமல் நடந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

*

பதினோராம் கட்டிலில் குனிந்து அவள் டிரிப்ஸ் சொட்டை எண்ணுகிறாள். உதடு அசைகிறது. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். டியூபில் இருக்கும் சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு மயிரிழை நகர்த்துகிறாள். மறுபடியும் எண்ணுகிறாள்.

இப்படி எண்ணுகிறவள்தான் அந்த டிக்கையும் போட்டிருக்கிறாள்.

ஒரே ஆள். ஒரே இரவு.

*

இருபத்தெட்டுக் கட்டில். தரையில் பாய் விரித்து நான்கு பேர். இரவுக்கு இரண்டு ஸ்டாஃப் நர்ஸ். ஒருத்தி புது அட்மிஷனோடு எக்ஸ்ரே அறைக்குப் போயிருக்கிறாள்.

இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு வேறு. கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர். மற்ற பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர். விடுப்புக்கென்று மேலும் 30 சதவீதம்.

அந்தக் கணக்கு இந்த வார்டுக்கு வந்ததில்லை. வருவது ஆறு மணி மட்டும். ஒவ்வொரு நாளும் தவறாமல்.

*

சொல்ல வேண்டியது ஒரு வரி. போடாத ஊசிக்குக் கையெழுத்து விழுந்திருக்கிறது.

நாக்கு நுனியில் வந்து நிற்பது வேறு வரி. எப்பவுமே நீ இப்படித்தான்.

முதல் வரி தாளில் இருக்கிறது, குப்பியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வரி எங்கே இருக்கிறது என்று தேடினால் வார்டில் எங்கும் இல்லை. நெஞ்சுக்கு நடுவில் அந்தச் சூட்டில் இருக்கிறது.

*

மூன்றாவதாக ஒரு வரியும் வருகிறது. பரவாயில்லை, விடு.

இதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபமாக வருகிறது. வந்ததும் உடம்பு தளர்கிறது. தோள் இறங்குகிறது.

பதினான்காம் கட்டிலில் அந்த அம்மா வாய் திறந்தபடி தூங்குகிறார். நிமோனியா. குப்பி அவருடையது. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.

*

"இந்த ஊசி இன்னும் போடலையேம்மா."

அவள் தாளைப் பார்க்கிறாள். குப்பியைப் பார்க்கவில்லை.

"ஆறு மணிக்கு எல்லாம் ஒண்ணா வந்துரும் சிஸ்டர். சுகர் பாக்கணும், இன்சுலின், பி.பி., அப்புறம் ஊசி மட்டும் பன்னெண்டு. எழுத நேரமே இருக்காது. அதான் முன்னாடியே..."

வாக்கியம் முடியவில்லை. முடியாமல் நிற்கட்டும்.

"அஞ்சரைக்கு இவங்க சி.டி.க்குப் போறாங்க. இப்பவே ஊசி போட்ரலாம். முதல்ல இதை ஒரு கோடு போட்டு அடி. மத்ததை ஓவர் குடுத்த பிறகு பேசலாம்."

குரல் தாழ்ந்துதான் இருக்கிறது. இருந்தும் அவள் தோள் கொஞ்சம் உயர்ந்து, உயர்ந்த இடத்திலேயே நிற்கிறது.

*

திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. பக்கத்தில் கையெழுத்து, தேதி, மணி.

எழுதியது இருக்கிறது. தப்பு என்பதும் இருக்கிறது. இரண்டுக்கும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இடம் இருக்கிறது.

*

குப்பியின் மூடி பெயர்கிறது. ஸ்பிரிட் பஞ்சு. பத்து மில்லி நீர் உள்ளே போகிறது. குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுகிறாள். வெள்ளைத் தூள் கரைந்து வெளிர் மஞ்சளாகிறது.

வென்ஃப்ளானில் சிரிஞ்சைப் பொருத்தி மெல்லத் தள்ளுகிறாள். மெல்ல. இரண்டு நிமிடமாவது ஆக வேண்டும். நான்கும் ஆகலாம். வேகமாகத் தள்ளினால் நரம்பு எரியும், கையை இழுத்துக்கொள்வார்கள்.

அந்த அம்மா கண் திறக்காமலே கேட்கிறார்: "முடிஞ்சுதா தாயி?"

"இன்னும் கொஞ்சம்மா."

பத்து மில்லியில் கரைத்தாலும் ஒரு கிராம் ஒரு கிராம்தான். நீர் கூடியதால் மருந்து குறைவதில்லை. உண்மையைச் சொல்வதற்கும் இப்படி ஒரு நீர் இருக்கக்கூடும். எத்தனை மில்லி என்று எந்தக் குப்பியிலும் அச்சிட்டிருப்பதில்லை.

*

கட்டத்தில் 5.25 என்று எழுதுகிறாள். ஆறு என்று எழுதவில்லை.

*

எழுதாதது செய்யாதது. நர்சிங் பள்ளியில் முதல் வருஷத்திலேயே காதில் விழும் வாசகம். ஒவ்வொரு வகுப்பிலும் வரும், ஒவ்வொரு தேர்விலும் வரும்.

செய்யாததை எழுதுவது பற்றி அந்த வாசகத்தில் எதுவும் இல்லை.

*

ஸ்ட்ரெச்சர் போகிறது. சக்கரம் ஒன்று மட்டும் தனியாக ஆடுகிறது. சத்தம் லிஃப்ட் வரை கேட்கிறது. அப்புறம் இல்லை.

*

1996-ல் கிளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடமே சொன்னால் வேலை மேம்படுகிறதா. 607 அளவீடுகள். சராசரியாகப் பார்த்தால் மேம்படுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக, சொன்ன பிறகு வேலை முன்னைவிட மோசமாகியிருந்தது.

கவனம் வேலையை விட்டு, செய்கிற 'நான்' மீது ஏறிக்கொள்ளும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திட்டினாலும் ஏறும். புகழ்ந்தாலும் ஏறும்.

ஊசி போடுகிற கை தன்னையே பார்க்கத் தொடங்கினால் நரம்பு கிடைப்பதில்லை. வார்டில் எல்லோரும் கண்டது இது.

*

போன வாரம் காலை ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர். பின்னால் மாணவர்கள், அவர்களுக்குப் பின்னால் நோயாளியின் வீட்டார். யூரின் அளவு எழுதவில்லை என்று அந்த இடத்திலேயே சத்தம். அவர் சொன்னது சரி. அளவு எழுதியிருக்கவில்லை.

பத்தரைக்கு அதே நர்ஸ் ஊசியோடு அந்தக் கட்டிலுக்குப் போகிறாள். நோயாளி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார்.

"வேற சிஸ்டரை வரச் சொல்லுங்க."

டாக்டர் அப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறார்.

*

வாட்ஸப்பில் வார்டுக்கென்று ஒரு குழு. அதில் ஒரு படம். ட்ரேயில் மூடாமல் கிடக்கும் ஊசி. கீழே: யார் இது?

எல்லோரும் பார்த்தாயிற்று. யாரும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து ஒருவர் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போடுகிறார். எதற்கு என்று தெரியவில்லை.

*

வியன்னா, 1847. பொது மருத்துவமனையின் பிரசவ வார்டு. சவப் பரிசோதனை முடித்த கையோடு மருத்துவர்கள் வந்து பிரசவம் பார்க்கிறார்கள். மார்ச் மாதம் கோலெட்ஷ்கா என்ற மருத்துவர் இறக்கிறார், சவ அறையில் கத்தி கீறியதால். அவர் உடம்பில் தெரிந்ததும் பிரசவத்துக்குப் பின் இறக்கும் தாய்மார் உடம்பில் தெரிந்ததும் ஒன்றாக இருக்கின்றன. இறந்தவரின் நண்பர் செம்மல்வைஸ் அதைப் பார்க்கிறார். மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்கிறார்.

ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்திருந்தார்கள். ஜூனில் நூற்றுக்கு 2.

இவ்வளவு சுத்தமான உண்மை ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தாலே அதிகம்.

மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. அவரும் வெகுகாலம் எழுதவில்லை, நண்பர்கள்தான் எழுதினார்கள். 1861-ல் புத்தகம் வருகிறது. அதன்பின் திறந்த கடிதங்கள், பேர்பெற்ற பேராசிரியர்களுக்கு, பெயர் சொல்லி. கொலை என்ற பேச்சு அவற்றில் வருகிறது. 1865-ல் மனநலக் காப்பகம் ஒன்றில் இறக்கிறார். வயது 47.

கடுமையாகச் சொன்னதால் கேட்கவில்லையா. கேட்காததால் கடுமை வந்ததா. 1847-க்கும் 1861-க்கும் நடுவில் பதினான்கு வருஷம்.

அந்தப் பதினான்கு வருஷத்தில் போன தாய்மார் இந்த வாதத்தில் எந்தப் பக்கமும் இல்லை.

*

கட்டில்காலில் மாட்டிய சானிடைசர் பாட்டில். திங்கட்கிழமை புதிதாக வைத்தது. சனிக்கிழமை பார்க்கிறபோதும் கழுத்துவரை இருக்கிறது.

கை சுத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்ன ஐந்து தருணங்கள் சுவரில் ஒட்டியிருக்கின்றன. தமிழில், படத்தோடு. ஓரம் கிழிந்திருக்கிறது.

அந்தப் பக்கத்துக் கட்டில்களைப் பார்க்கிறவர் எல்லோருக்கும் அக்கா. சர்வீஸில் மூத்தவர். நரம்பே தெரியாத குழந்தைக்கும் முதல் குத்திலேயே வென்ஃப்ளான் போடுகிற கை அது.

அக்காவோடு சேர்ந்து கட்டில் கட்டிலாக நடக்கும்போது, ஒவ்வொரு கட்டிலிலும் முதலில் பாட்டிலை அழுத்திக் கையைத் தேய்த்துக்கொள்வது. எதுவும் சொல்வதில்லை. நான்காவது கட்டிலில் அக்காவும் அழுத்துகிறார். அவரும் எதுவும் சொல்வதில்லை.

இது மரியாதையா. பயமா. இரண்டு கைகளும் ஈரமாக இருக்கின்றன. குளிர்ச்சி சீக்கிரம் போய்விடுகிறது.

*

நைட்டிங்கேலின் நர்சிங் குறிப்புகளில் ஓர் அத்தியாயம் முழுக்க, தலைமாட்டில் நின்று சீக்கிரம் சரியாகிவிடும் என்று சும்மா சொல்கிறவர்களைப் பற்றியது. அவருக்கு அது பிடிக்கவில்லை. நோயாளிக்கும் பிடிக்காது என்கிறார்.

நர்ஸ் நோயாளியிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிறோம். நர்ஸிடம் அப்படித்தான் சொல்கிறோம்.

*

"நல்லா பண்றம்மா."

அவள் முகத்தில் ஒன்றும் மலரவில்லை. காத்திருக்கிறாள். அடுத்து 'ஆனா' வரும் என்று தெரிந்திருக்கிறது. இதற்கு முன் எத்தனையோ பேர் பாராட்டை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்திருக்கிறார்கள்.

பாராட்டு தனியாக வந்து, எதையும் கொண்டுவராமல், திரும்பிப் போகப் பழக வேண்டியிருக்கிறது.

*

ஆறு மணி. எல்லாம் ஒன்றாக வருகிறது. அவள் சொன்னபடியே.

பக்கத்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கி தொடங்குகிறது. ஒருவருக்குப் பாத்திரம் வேண்டும். ஒருவருக்குப் பாத்ரூம் போகத் துணை வேண்டும். சுகர் மிஷின் பேட்டரி போய்விட்டது. தரையில் இருப்பவர் எழுந்து பாயைச் சுருட்டுவதால் டிராலி போக இடமில்லை.

கேஸ் ஷீட்டுகளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பது. அவள் போடுகிறாள், மணியைச் சொல்கிறாள். 6.04. 6.09. 6.15. மணி மட்டும் இந்தக் கையில், கையெழுத்து அவளுடையது.

தினமும் பின்னால் நடக்க ஆள் இருக்காது. இது இரண்டு பேருக்கும் தெரியும்.

*

குறளில் வெருவந்த செய்யாமை என்றோர் அதிகாரம். கண்டிக்கும் கோலைப் பலமாக ஓங்கச் சொல்கிறது, விழும்போது மெல்ல விழட்டும் என்கிறது. ஓங்குவதற்கும் விழுவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

ஒரு மூச்சு இருக்கலாம். ஐந்து பத்திலிருந்து ஏழரை வரையும் இருக்கலாம்.

*

ஏழரை. ட்ரீட்மென்ட் ரூம். கதவைச் சாத்தினால் வார்டு தூரமாகிவிடுகிறது. ஸ்பிரிட் வாசனை. ஊசி வெட்டும் மிஷின். ஒரு ஸ்டூல்தான் இருக்கிறது. அவள் நிற்கிறாள். இன்னொரு ஸ்டூல் வரும்வரை யாரும் பேசவில்லை.

உட்கார்ந்த பிறகு கண்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

"தினமும் முன்னாடியே எழுதிருவியா?"

"நைட் டியூட்டில மட்டும் சிஸ்டர்."

உண்மையைச் சொல்கிறாள். சொன்ன பிறகு எச்சில் விழுங்குகிறாள்.

"பதினாலாம் பெட் சி.டி. எடுத்துட்டு அப்படியே ஐ.சி.யூ. போயிட்டாங்க. தாள்ல போட்டாச்சுன்னு இருந்து, ஊசி போடாம அனுப்பியிருந்தா?"

*

மௌனம்.

இதை நிரப்ப வாய் துடிக்கிறது. நிரப்பினால் சுலபம். அவளுக்குப் பதிலாக விடையைச் சொல்லிவிடலாம், அறிவுரையும் தரலாம், இரண்டு பேரும் எழுந்துவிடலாம்.

பெருவிரல் சுட்டுவிரலைத் தேய்க்கிறது. அதைப் பார்ப்பது. மூச்சு போகிறது. வருகிறது.

வெளியே யாரோ வாளியை வைக்கிறார்கள்.

*

"சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அடுத்த டோஸ்." அவள்தான் சொல்கிறாள். மெல்ல, சுவரைப் பார்த்து. "அதுவரைக்கும் மருந்தே இருந்திருக்காது."

"ஆமா."

அந்த ஆமாவுக்குப் பிறகு சேர்க்க ஒன்றுமில்லை. சேர்க்கவில்லை.

*

அவள் அழவில்லை. அழுவாள் என்று ஒரு பகுதி எதிர்பார்த்திருந்தது. எதிர்பார்ப்பும் உட்கார்ந்திருக்கிறது, மூன்றாவது ஸ்டூல் இல்லாமல்.

"மெமோ வருமா சிஸ்டர்?"

"மெமோ இல்ல. ஆனா சம்பவப் பதிவேட்டுல எழுதணும். நீயே எழுது. நான் இருக்கேன்."

*

என்ன நடந்தது என்ற பத்தியில் நான்கு வரி எழுதுகிறாள். தன் பெயரைத் தெளிவாக எழுதுகிறாள். காரணம் என்ற பத்திக்கு வந்ததும் பேனா நிற்கிறது.

"அஜாக்கிரதைன்னு போட்டுறவா?"

"அஜாக்கிரதைதானா?"

யோசிக்கிறாள். பிறகு எழுதுகிறாள்: 32 நோயாளிகள், 2 பேர், ஒருவர் எக்ஸ்ரேயில்.

எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்கும் பார்வை. தலை அசைகிறது.

*

பைக்குள் டிபன்பாக்ஸ் அப்படியே இருக்கிறது. அவள் பஸ்ஸுக்குப் போகிறாள்.

*

ஆயாம்மா தரை துடைத்துக்கொண்டே பேசுகிறார். நிமிரவில்லை.

"சிஸ்டரம்மா, நீங்க மெதுவாத்தான் பேசுறீங்க."

துடைப்பம் கட்டிலுக்கு அடியில் போய் வருகிறது.

"மூஞ்சிதான் முன்னாடியே பேசிருது."

*

கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. புருவங்களுக்கு நடுவில் கவனத்தை வைத்தாலே போதும். அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. எவ்வளவு நாளாக என்று அதற்கும் தெரியாது.

அவிழ்க்கப் பார்த்தால் இறுகுகிறது. சும்மா இருந்தால், இருக்கிறது.

*

இடித்துச் சொல்ல யாரும் இல்லாத அரசனைக் கெடுக்க எதிரி தேவையில்லை என்பதும் குறளில்தான் இருக்கிறது. வள்ளுவர் சொல்வது சான்றோரை. ஆயாம்மா கையில் துடைப்பம் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

1970-ல் ரோஸன், டெஸர் என்ற இருவர், கெட்ட செய்தியைச் சொல்லாமல் விழுங்கும் மனிதப் பழக்கத்தை ஆராய்ந்து எழுதினார்கள். கேட்பவர் வருந்துவார் என்பது மட்டும் காரணமில்லை. சொல்பவருக்கே அது சங்கடம்.

சங்கடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், வயிற்றில். தொப்புளுக்கு மேலே. யாரையும் ஒன்றும் செய்யாத ஒரு சின்னக் கலக்கம். அதற்காகத்தான் இவ்வளவு பேர் இவ்வளவு காலம் பேசாமல் இருக்கிறார்கள்.

*

நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் அறைக்குப் போகிற படிக்கட்டில் அதே கலக்கம். கீழே இறங்கும்போது சொல் கனமாகிறது. மேலே ஏறும்போது அதே சொல் மெலிகிறது. இரண்டு பேர் போதாது என்ற வாக்கியம், இரண்டு பேர் இருந்தால் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது மேடம் என்று ஆகிக்கொண்டிருக்கிறது.

படியில் நிற்பது. வாக்கியத்தைப் பழையபடி மாற்றுவது. மறுபடி ஏறுவது.

"இரண்டு பேர் போதாது மேடம்."

மேடம் பதிவேட்டைப் படிக்கிறார். மின்விசிறி இங்கே சத்தம் போடுவதில்லை.

*

வருடக் கடைசியில் எழுதும் அறிக்கை மேஜையில் இருக்கிறது. ரகசியம் என்று சிவப்பு மையில். நன்று என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. யாருக்கும் வருத்தமில்லை.

தேவ் தத் என்ற பொறியாளர். எல்லைச் சாலை அமைப்பில் வேலை. ஒரு வருட அறிக்கையில் அவருக்கு 'நன்று'. பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும். 'நன்று' மோசமான குறிப்பு இல்லையே என்று அதை அவரிடம் தெரிவிக்கவில்லை. பதவி உயர்வு போயிற்று. 2008-ல் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பானாலும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது.

மிருதுவான சொல். ஒட்டிய உறை. உள்ளே ஒருவரின் பல வருஷம்.

பேனாவின் மூடி திறந்திருக்கிறது. அவள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருக்கிறது. அவளை உட்கார வைத்துக்கொண்டுதான் இதை எழுத வேண்டும்.

*

இன்னொரு இரவு. இன்னொரு வார்டுக்குப் போகிற வழியில் அவள் எதிரே வருகிறாள். கையில் பிளாஸ்க்.

"அன்னிக்கு பதினோராம் பெட்ல சொட்டை ரெண்டு தடவை எண்ணினதைப் பாத்தேன்."

நிற்கிறாள். 'ஆனா' வரவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கிறாள். பிறகு சிரிக்காமல், "டீ குடிக்கிறீங்களா சிஸ்டர்?" என்கிறாள்.

சூடான டீ. சர்க்கரை அதிகம். சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் இருப்பதில் வயிற்றில் கலக்கம் எதுவும் இல்லை.

*

கேஸ் ஷீட்டைப் புரட்டினால் 6.02, 6.11, 6.20 என்று இருக்கிறது. ஒரு கட்டம் காலி. பக்கத்தில் சிறிய எழுத்தில்: நோயாளி வாந்தி, டாக்டரிடம் சொல்லியாயிற்று, ஊசி 6.50.

இன்னொரு தாளில், இன்னொருத்தியின் கையெழுத்து. எல்லாக் கட்டமும் சரியாக ஆறு. பன்னிரண்டு ஊசியும் ஒரே நிமிடத்தில்.

நெஞ்சில் சூடு வருகிறதா என்று பார்ப்பது. வருகிறது.

*

ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று. நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கியது. கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல தலைமையும் நல்ல உறவும் இருந்த வார்டுகளில்தான் பதிவான தவறு அதிகம்.

தவறு அதிகமா. பயமில்லாமல் சொல்வது அதிகமா. முதலில் பார்க்கும்போது இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரிகின்றன.

*

பதிவேட்டில் புதிய பக்கம். வேறு வேறு கையெழுத்து. அக்காவின் கையெழுத்தும் ஒன்று இருக்கிறது: ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அதே கையுறை. அவராகவே எழுதியிருக்கிறார். பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார், அழுத்தி.

யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. பாட்டில் பாதிக்கு வந்திருக்கிறது.

*

மூச்சு உள்ளே போகிறது. போன மூச்சு எந்த இடத்தில் திரும்புகிறது என்று பார்ப்பது. பார்க்கத் தொடங்கியதும் திரும்பிவிடுகிறது.

*

வார்டில் சம்பவப் பதிவுகள் இந்த மாதம் கூடியிருக்கின்றன. காரணம் கேட்டு நிர்வாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். டியூட்டி லிஸ்டில் இன்றிரவும் அந்த வார்டுக்கு இரண்டு பேர்தான்.